பிரிசில்லா பெற்ற பூங்கொடியின் பிள்ளை

சிறுசேரியில் இருக்கும் அந்தக் கம்பெனியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் வக்கீல் நோட்டீஸ் வரும். அதை அனுப்புவதற்கென்றே இரண்டாம் மாடியில் ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். கண்ணாடிக் கட்டடம், வாசலில் நீரூற்று, சுவர் முழுக்கச் சிரிக்கிற முகங்கள் என்று அடையாளம் சொல்லலாம். அந்தச் சாலையில் இருக்கும் எல்லாக் கட்டடத்துக்கும் அது பொருந்தும் என்பதால் பயமில்லை.

அந்தக் கட்டடத்தின் நாலாம் மாடியில் பிள்ளைகளுக்கென்று ஒரு காப்பகமும், அதற்குள்ளேயே திரை போட்டுப் பிரித்துத் தாய்ப்பால் கொடுக்க ஓர் இடமும் உண்டு. சட்டம் அப்படி. ஐம்பது பேருக்கு மேல் வேலை செய்கிற இடத்தில் காப்பகம் வேண்டும். தாய் நாளைக்கு நாலு முறை போய்ப் பிள்ளையைப் பார்க்க விடவேண்டும். பிள்ளைக்குப் பதினைந்து மாதம் ஆகும்வரை பால் கொடுக்கத் தனியாக இரண்டு இடைவேளை தரவேண்டும். கம்பெனி சட்டத்துக்குப் பயந்த கம்பெனி. ரோஜா நிறச் சுவர் எழுப்பி, அதில் பலூன் பிடித்த யானைக்குட்டி ஒன்றை வரைந்து, மெத்தென்ற சோபாவும் வாங்கிப் போட்டது. பிள்ளை மட்டும்தான் இல்லை.

பிள்ளை பெற்ற பெண்கள் மூன்று பேர் இருந்தார்கள். ஆனால் பால் கொடுக்க எழுந்துபோனால் கம்ப்யூட்டரில் அவர்கள் பெயருக்கு எதிரே இருக்கும் பச்சைப் புள்ளி மஞ்சளாகிவிடும். மஞ்சளானால் மேனேஜர் கூப்பிட்டு, "எல்லாம் ஓகேயா? உடம்பு ஓகேயா? வேலை பாரமா இருக்கா?" என்று அன்பாக விசாரிப்பார். அந்த அன்புக்குப் பயந்துகொண்டு மூன்று பேரும் பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டு வந்தார்கள். சோபா வீணாகவில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு துணைத்தலைவர் ஒருவர் திரைக்குப் பின்னால் அதில் படுத்துத் தூங்குவார்.

அவர் எழுந்துபோனதும் சோபாவைத் தட்டி, தரையைத் துடைப்பது பிரிசில்லாவின் வேலை. பிரிசில்லா ஹவுஸ்கீப்பிங். திருப்போரூரைத் தாண்டி உள்ளே போகிற காலனியில் வீடு. புருஷன் கிருபாகரன் கேளம்பாக்கம் ரூட்டில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். பிள்ளை ஹேமந்துக்கு ஏழு மாதம். அவனைப் பக்கத்து வீட்டு எல்லம்மாளிடம் விட்டுவிட்டு வேலைக்கு வருவாள். நடுப்பகல் ஆனால் மார் இரண்டும் கல்லாகிவிடும். அங்கே பிள்ளை பாட்டிலைத் துப்பிவிட்டு அழுதுகொண்டிருப்பான். எடை ஏறவில்லை, பகலில் ஒரு தடவையாவது தாய்ப்பால் கொடு என்று நர்சம்மா இரண்டு முறை திட்டியாகிவிட்டது. பிரிசில்லாவுக்கு வேண்டியது அந்த ஒரே ஒரு தடவைதான். பால் கொடுக்கும் அறையைத் துடைத்துவிட்டுக் கழிப்பறைக்குப் போய்ப் பாலைப் பீய்ச்சிக் கொட்டுகிற கூத்தை நினைத்து அவளுக்கே சில சமயம் சிரிப்பு வரும். சிரித்தால் வலிக்கும்.

கான்ட்ராக்ட் சூப்பர்வைசர் வெங்கடேசனிடம் ஒருநாள் கேட்டுப்பார்த்தாள்.

"அண்ணா, சட்டம் கீதாமே. புள்ளைய இட்டாந்து அந்த ரூம்ல வுட்டுக்கவா?"

"சட்டம் கீது, யார் இல்லன்னது? ஆனா நீ கம்பெனி ஆளு இல்லம்மா, கான்ட்ராக்ட் ஆளு. உன் காப்பகம் நம்ம ஆபீஸ்ல கீது."

"நம்ம ஆபீஸ் எங்க கீது?"

"செங்கல்பட்டுல. மாடில. நாலு தபா போய் புள்ளைய பாத்துட்டு வா, யாரு வாணாம்னாங்க?"

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்கமாட்டான் என்பார்கள். இந்தப் பூசாரி இடமும் கொடுத்தான்; பஸ் மாறிப் போய்ச் சேருவதற்குள் ஷிப்டு முடிந்துவிடுகிற இடமாகப் பார்த்துக் கொடுத்தான்.

இப்படி இருக்கையில் கம்பெனிக்கு விருது ஆசை வந்தது. 'தாய்மை போற்றும் நிறுவனம்' என்று ஒரு விருது. கொடுப்பவர்கள் தாய்மைத் தர மன்றம் என்ற பெயரில் ஓய்வுபெற்ற சில பெரியவர்கள். பணியில் இருந்த காலத்தில் செய்யாத நன்மைகளையெல்லாம் ஓய்வில் செய்துகொண்டிருந்தார்கள். மன்றத்தின் தலைவர் கோதண்டராமன் நேரில் வந்து காப்பகத்தைப் பார்த்தபிறகே முடிவு சொல்வார் என்றும், பிள்ளைகள் புழக்கத்தில் இருக்கும்போது பார்க்க விரும்புகிறார் என்றும் தகவல் வந்தது.

மனிதவளத் துறையின் தலைவி அன்பரசி உடனே மூன்று தாய்மார்களையும் அழைத்துப் பிள்ளைகளைக் கொண்டுவரச் சொன்னாள். மூன்று பேரும் ஒரே காரணம் சொன்னார்கள்: கண் பட்டுவிடும். ஏ.ஐ. என்கிற செயற்கை மூளைக்குப் பாடம் எடுக்கிறவர்கள் மூன்று பேரும்.

அன்பரசி அசரவில்லை. பிள்ளையை ஓரிடத்திலும் தாயை வேறிடத்திலும் திரட்டினாள். பிள்ளைக்கு வெங்கடேசனிடம் சொல்ல, அவன் பிரிசில்லாவைக் கைகாட்டினான். தாய்க்குப் பூங்கொடியைப் பிடித்தாள். பூங்கொடி திருப்போரூருக்கு மேற்கே ஒரு கிராமத்துப் பெண். அப்பா கொஞ்சம் பயிர், கொஞ்சம் மனை வியாபாரம். கல்யாணம் ஆகவில்லை, ஜாதகம் வெளியே போயிருந்தது. வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகாததால் இன்னும் நிரந்தரம் ஆக்கவில்லை. முடியாது என்று சொல்கிற வசதி நிரந்தரமான பிறகுதான் வரும்.

"சும்மா ஒரு அரைமணி நேரம், பூங்கொடி. ரோல்-ப்ளே மாதிரி நினைச்சுக்கோ" என்றாள் அன்பரசி. பிரிசில்லாவிடம் வேறு மாதிரிப் பேசினாள். "பாரும்மா, குழந்தையைக் காலைல பசியோட கொண்டுவா. குழு வந்ததும் பூங்கொடி அவனைத் திரைக்குப் பின்னால தூக்கிட்டு வருவா. அங்க நீ இருப்ப. பால் கொடு. சத்தம் போடாத. குழு கண்ணுல ஹவுஸ்கீப்பிங் படக்கூடாது. பட்டுதுன்னா மறுநாள் வரவேண்டாம்."

பிரிசில்லாவுக்கு இதில் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: அந்த அறையில், பகலில், பிள்ளைக்குப் பால். சரி என்றாள்.

அழுத பிள்ளை பால் குடிக்கும் என்று பழமொழி. ஐ.டி. பார்க்கில் அழுத பிள்ளை முதலில் கேட்டில் பாஸ் வாங்கவேண்டும். பிரிசில்லா ஹேமந்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, குப்பை வண்டி வருகிற பின்கேட்டுக்குப் போனாள். விருந்தினர் இந்த வழியாக வரக்கூடாது என்றான் காவலாளி. முன்கேட்டுக்குப் போனாள். ஹவுஸ்கீப்பிங் இந்த வழியாக வரக்கூடாது என்றான் அங்கே இருந்தவன். விருந்தினரை அழைத்துப்போகக் கம்பெனி ஊழியர் ஒருவர் கையெழுத்துப் போடவேண்டும். பெற்ற தாய் போட்டால் செல்லாது. கடைசியில் பூங்கொடி ஓடிவந்து பிள்ளையை வாங்கிக்கொண்டாள். ஹேமந்தின் கழுத்தில் 'விருந்தினர் - துணையின்றி நடமாட அனுமதியில்லை' என்று எழுதிய அட்டையை மாட்டினார்கள். அவனுக்கு இன்னும் தவழவே வரவில்லை. கன்னத்தில் இருந்த திருஷ்டிப் பொட்டு கேமராவில் முகம் பதிய இடைஞ்சலாக இருக்கிறதென்று ஈரத்துணியால் துடைத்தார்கள். பிள்ளை முன்கேட்டு வழியாகவும் தாய் பின்கேட்டு வழியாகவும் ஒரே கட்டடத்துக்குள் போனார்கள்.

கோதண்டராமன் சொன்ன நேரத்துக்கு வரவில்லை. பெரிய மனிதர் என்பதற்கு அதுவே அத்தாட்சி. வந்தபோது கூடவே கேமராவோடு ஒருவரும், சால்வைகளை வாங்கி வைத்துக்கொள்ள ஒருவரும் வந்தார்கள். காப்பகத்துக்குள் நுழைந்தவர் யானைக்குட்டியைப் பார்த்தார், பூங்கொடியைப் பார்த்தார், அவள் கையில் இருந்த ஹேமந்தின் கன்னத்தை ஒரு விரலால் தொட்டார். பிறகு ஒன்றும் கேட்கவில்லை, பேச ஆரம்பித்துவிட்டார். பேச்சு பதிவாவதால் யாரும் அசையக்கூடாது என்று கேமராக்காரர் சைகை காட்டினார். பூங்கொடி திரைப் பக்கம் நகரப் பார்த்தாள். அன்பரசி கண்ணாலேயே அவளை அங்கே நிறுத்தினாள்.

"தாய்ப்பால் என்பது அமுதம்" என்றார் கோதண்டராமன். "என் தாயார் எனக்கு ஐந்து வயது வரை கொடுத்தார். இந்த நினைவாற்றல் அப்படி வந்தது. என் மனைவி என் பிள்ளைகளுக்குக் கொடுத்திருப்பாள் என்றே நம்புகிறேன். எனக்கு அப்போது ஆபீஸில் வேலை அதிகம். நான் பொறுப்பில் இருந்தபோது எனக்குக் கீழே எத்தனையோ தாய்மார்கள் வேலை பார்த்தார்கள். பால் கொடுக்கவேண்டும், அரைமணி போய்வருகிறேன் என்று ஒருத்தியாவது என்னிடம் வந்து கேட்டதுண்டா? கிடையாது. கேட்கிற தைரியம் ஒருத்திக்கும் வந்ததில்லை. அவ்வளவு கட்டுப்பாடாக வைத்திருந்தேன்."

அன்பரசி கைதட்டினாள். ஹேமந்த் அதற்குள் பூங்கொடியின் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பிடித்து வாயில் வைத்துச் சப்பிப் பார்த்தான். அதில் ஒன்றும் வரவில்லை. வாயைக் கோணிக்கொண்டு அழ ஆரம்பித்தான்.

"ஒரு பச்சிளம் குழந்தையின் அழுகுரல் கேட்டால் இந்த நாடே எழுந்து ஓடவேண்டும்" என்றார் கோதண்டராமன். பிறகு கேமராக்காரரிடம் திரும்பி, "இந்தச் சத்தம் விழுகிறதா? விழுந்தால் இன்னொரு முறை சொல்கிறேன்" என்றார். இன்னொரு முறை சொன்னார். அதற்கு மேலும் சொன்னார்.

திரைக்குப் பின்னால் பிரிசில்லா மாப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிள்ளையின் முதல் அழுகையிலேயே அவளுக்குப் பால் சுரந்துவிட்டது. நீலச் சீருடை இரண்டு பக்கமும் நனைந்து இடுப்புவரை இறங்கியது. வெளியே போனால் வேலை போகும். வேலை போனால் ஆட்டோ தவணையை யார் கட்டுவது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். ஹேமந்தின் அழுகை உச்சத்துக்குப் போய், மூச்சுப் பிடித்து, சத்தமே வராமல் நின்றது. அந்தச் சத்தமின்மையைத்தான் அவளால் தாங்கமுடியவில்லை.

திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள். "குடு பாப்பா" என்று பூங்கொடியின் கையிலிருந்து பிள்ளையை வாங்கி, முதுகைத் தட்டி, யானைக்குட்டிக்குக் கீழே தரையில் உட்கார்ந்து மாரில் போட்டுக்கொண்டாள். விக்கி விக்கிப் பிள்ளை குடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

கோதண்டராமன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். "என்ன இது அசிங்கம். ஆண்கள் நிற்கிறோம். இதற்கெல்லாம் ஓர் இடம் இல்லையா?"

"இதான் சார் அந்த எடம்" என்றாள் பூங்கொடி. வாயிலிருந்து வந்தபிறகுதான் தான் பேசியதே அவளுக்குத் தெரிந்தது.

"அது சரி. ஆனால் தாய் இங்கே நிற்கிறாள். பால் அங்கே வருகிறது. யார் அந்தப் பெண்?"

அன்பரசியின் சம்பளத்தைப் பார்த்து அந்தக் கம்பெனியில் பலருக்குப் பொறாமை உண்டு. அன்றைக்கு அவள் பேசியதைக் கேட்டிருந்தால் பொறாமைப்பட்டிருக்கமாட்டார்கள்.

"சார், இதைத்தான் கடைசியா சர்ப்ரைஸா காட்டலாம்னு இருந்தோம்" என்றாள். குரலில் நடுக்கமே இல்லை. "சட்டம் தாய்க்கு இடைவேளை கொடுக்கச் சொல்லுது. ஆனா இடைவேளை எடுத்தா அந்தத் தாயோட கரியர் பாதிக்குது. நாங்க யோசிச்சோம். கேன்டீனை வெளியாள்கிட்ட விட்டுட்டோம், செக்யூரிட்டியை விட்டுட்டோம், கிளீனிங்கை விட்டுட்டோம். பால் கொடுக்கறதை மட்டும் ஏன் ஊழியரே செய்யணும்? அதனால அதையும் கான்ட்ராக்ட்ல விட்டுட்டோம். இவங்க எங்க ஃபீடிங் அசோசியேட். தாய் சீட்டை விட்டு எழுந்திருக்கவே வேண்டாம்."

கோதண்டராமன் சுவரிலிருந்து மெல்லத் திரும்பினார். முகம் மலர்ந்திருந்தது. "நான் பொறுப்பில் இருந்தபோது இது எனக்குத் தோன்றாமல் போயிற்றே" என்றார்.

ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பது பழைய கதை. இங்கே நெய்யும் பிரிசில்லாவுடையது, கையும் அவளுடையது, பிள்ளையும் அவளுடையது. விருது மட்டும் கம்பெனிக்கு.

மாமல்லபுரத்தில் கடலைப் பார்த்த ஓட்டல் ஒன்றில் விருது விழா நடந்தது. பிரிசில்லாவை அழைக்கவில்லை, ஹேமந்தையும் அழைக்கவில்லை, அழுவான் என்று. பூங்கொடியின் கையில் ஒரு துணிப் பொம்மையைக் கொடுத்து மேடையேற்றினார்கள். 'இளம் தாய் பூங்கொடி' என்று போட்டு அந்தப் படத்தைக் கம்பெனி ஊரெல்லாம் பரப்பியது. அது மதுராந்தகம் பக்கத்து மாப்பிள்ளை வீட்டுக்கும் போனது. அவர்கள் கௌரவமான மனிதர்கள், கூச்சல் எதுவும் போடவில்லை. வாங்கிப்போன ஜாதகத்தைப் பழத்தட்டோடு திருப்பி அனுப்பினார்கள். பொம்மை என்று பூங்கொடியின் அம்மா சரோஜா தலையில் அடித்துக்கொண்டு சொன்னதை யாரும் நம்பவில்லை. இவ்வளவு பெரிய கம்பெனி பொய் சொல்லுமா?

விருது கிடைத்தபின் சேவையை நடத்தியாகவேண்டும். பிரிசில்லாவுக்கு நீலச் சீருடையை மாற்றி ரோஜா நிறச் சீருடை கொடுத்து நாலாம் மாடியில் உட்காரவைத்தார்கள். மூன்று தாய்மார்களுக்கும் தகவல் போயிற்று. மூன்று பேரும் தனித்தனியாக அன்பரசிக்குப் போன் செய்தார்கள். "அந்தப் பொண்ணு எந்த ஊரு? என்ன ஆளுங்க?" அன்பரசி ஊரைச் சொன்னாள், காலனி என்றாள். அதற்குப்பிறகு அவர்கள் போன் செய்யவில்லை. துணைத்தலைவரும் வேறு சோபா பார்த்துக்கொண்டார்.

ஆக, பால் கொடுப்பதற்கென்றே சம்பளம் வாங்கிக்கொண்டு, பால் கொடுக்கிற அறையில், மார் நிறையப் பாலோடு பிரிசில்லா நாள் முழுக்கச் சும்மா உட்கார்ந்திருந்தாள். தன் பிள்ளையைக் கொண்டுவரலாமா என்று வெங்கடேசனைக் கேட்டாள்.

"அதெப்படிம்மா? அது ஊழியருங்க புள்ளைக்கு. நீ சர்வீஸு. கேன்டீன்காரன் பொண்டாட்டி புள்ளைய இட்டாந்து ஓசில துன்ன வெச்சா வுடுவானா?"

அவள் பாலைக் கைகழுவும் தொட்டியில் பீய்ச்சிவிட்டு, தொட்டியைத் தேய்த்துக் கழுவினாள். அங்கே எல்லம்மாள் வீட்டில் ஹேமந்த் சர்க்கரைத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். நர்சம்மா திட்டுவதையும் நிறுத்திவிட்டார். அதுதான் பிரிசில்லாவுக்குப் பயமாக இருந்தது.

ஒருநாள் மத்தியானம் பூங்கொடி நாலாம் மாடிக்கு வந்தாள். ஜாதகம் திரும்பிவந்த அழுகையெல்லாம் முடிந்து, முகத்தில் கோபம் மட்டும் மிச்சம் இருந்தது.

"அக்கா, அவன் எப்டி கீறான்?"

"எளச்சிகினே போறாம்மா." பிரிசில்லா நனைந்த சீருடையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

பூங்கொடி சுவரில் இருந்த யானைக்குட்டியைப் பார்த்துச் சொன்னாள். "கம்பெனி சொல்லுது அவன் என் புள்ளன்னு. ஊரும் அப்டித்தான் சொல்லுது. எப்டியும் பேரு கெட்டாச்சு. கெட்ட பேருக்கு அவன் வவுறாவது நெறயட்டும்."

நேரே அன்பரசியிடம் போனாள். "மேடம், நாளையில இருந்து என் பிள்ளையைக் காப்பகத்துல விடப்போறேன்" என்றாள்.

"உன் பிள்ளையா?"

"விருது வாங்கின பிள்ளை மேடம். இல்லைன்னு சொல்றீங்களா?"

அன்பரசியின் முதுகுக்குப் பின்னால் கண்ணாடிப் பெட்டிக்குள் விருது இருந்தது. கல்லில் செதுக்கின தாயும் சேயும். அன்பரசி அதைத் திரும்பிப் பார்த்தாள். இல்லை என்றால் அந்தக் கல்லும் இல்லை. "அஃப்கோர்ஸ்" என்றாள். "அது உன் உரிமை."

மறுநாளிலிருந்து சட்டம் தன் கடமையைச் செய்தது. காலையில் கிருபாகரன் ஆட்டோவில் பிரிசில்லா, பிள்ளை, பூங்கொடி மூன்று பேரும் ஒன்றாகத்தான் வருவார்கள். நீரூற்றுக்கு முன்னால் பூங்கொடி பிள்ளையை வாங்கிக்கொண்டு முன்கேட்டுக்குப் போவாள். பிரிசில்லா பின்கேட்டுக்குப் போவாள். நாலாம் மாடியில் ஓர் ஊழியரின் பிள்ளைக்கு ஒரு கான்ட்ராக்ட்காரி பால் கொடுப்பாள். ஹேமந்துக்குக் கன்னம் வந்தது. கால் வந்தது. சோபாவைப் பிடித்துக்கொண்டு நிற்கப் பழகினான். வெங்கடேசன் மாதக் கடைசியில், "பாத்தியா, சட்டம்னா சட்டந்தான்" என்று பெருமையாகச் சொன்னான்.

அன்பரசிக்கு மட்டும் ஒரு கவலை இருந்தது. மன்றத்தார் திடீரென்று பார்வைக்கு வரலாம். ஆகவே ஃபீடிங் அசோசியேட் நடந்துகொள்ளவேண்டிய முறைகளை அச்சடித்துச் சுவரில், யானைக்குட்டியின் பக்கத்தில் ஒட்டினாள். குழந்தைக்கு முத்தம் கூடாது. தாலாட்டு கூடாது. தாய் வரும்போது தயக்கமின்றி ஒப்படைக்கவேண்டும். மிகையான பாசம் புகாருக்கு இடமளிக்கும். பிரிசில்லா அதைத் தினமும் தூசி தட்டினாள்.

ஒருநாள் அன்பரசி மேற்பார்வைக்கு வந்தபோது ஹேமந்த் குடித்துக்கொண்டிருந்தான். வயிறு நிறைந்ததும் தலையைத் தூக்கி, வாயோரம் பால் ஒழுக, பிரிசில்லாவின் முகத்தைப் பார்த்து, "ம்மா" என்றான். அவன் பேசிய முதல் சொல் அது. அவன் இன்னொரு முறை, இந்தத் தடவை முழுசாக, "அம்மா" என்றான்.

அன்பரசி குனிந்து, அவன் கன்னத்தைச் செல்லமாகத் தட்டினாள்.

"நோ நோ, கண்ணா. இது ஆன்ட்டி. அம்மா மூணாவது மாடில மீட்டிங்ல இருக்காங்க." பிறகு பிரிசில்லாவிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "இதெல்லாம் பழக்கிவிடாதம்மா. நாளைக்கு யாராவது வந்து கேட்டா உன் வேலைக்குத்தான் பிரச்சனை."

"சரிங்க மேடம்" என்றாள் பிரிசில்லா.

சாயங்காலம் காலனியில், ஆட்டோவிலிருந்து இறங்கி வீட்டுக்குள் வந்து, பிள்ளையைப் பாயில் விட்டுவிட்டு உலை வைக்கத் திரும்பினாள். பின்னாலிருந்து, "அம்மா" என்றான் ஹேமந்த்.

பிரிசில்லா பதில் சொல்வதற்கு முன்னால், யாராவது நிற்கிறார்களா என்று வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டாள்.